சாயங்காலத் தீவனம்

மணல்மேட்டுப் பண்ணை,
நெப்ராஸ்கா.
பிப்ரவரி 21, 1988

அன்புள்ள வெர்னா,

நானும் நூற்றுப் பன்னிரண்டு மாடுகளும் ஒரு நாயும் இங்கே நலம். அங்கே நீயும் உன் புத்தகங்களும் நலமாக இருக்க ஆண்டவர் அருள் செய்யட்டும்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. போனில் நான் ‘ம்’ என்பதற்கு மேல் ஒன்றும் பேசுவதில்லை, அதற்காகக் கல்லூரி ஊரில் வீட்டுக்கார அம்மாவின் கூடத்தில் அவர் பூனைகளுக்கு நடுவே நின்று போனைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது, இனிமேல் எழுது என்று உத்தரவு போட்டிருக்கிறாய். சரி, எழுதுகிறேன். சமையலறை மேஜையில் காப்பிக் கறை இல்லாத இடமாகப் பார்த்துத் தாளை வைத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு.

இந்த வருஷத்தின் முதல் கன்று பதினெட்டாம் தேதி பிறந்தது. வழக்கம்போல ஊரே தூங்கும் நேரமாகப் பார்த்து, வழக்கம்போல பனிக்காற்று அடிக்கும் நாளாகப் பார்த்து. காது நுனி இரண்டும் உறைந்துவிட்டது. மற்றபடி பால் குடிக்கிறது, துள்ளுகிறது. இதுவரை ஆறு கன்றுகள், ஆறும் இருட்டில்தான். இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து கைவிளக்கோடு பட்டியைச் சுற்றி வருகிறேன். முன்பு நீ ஒரு தரம், நான் ஒரு தரம் என்று பங்கு போட்டுக்கொள்வோம். இப்போது உன் பங்கும் எனக்கே. குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது நீ குளிர்பெட்டிமேல் ஒட்டிவிட்டுப் போன தாளைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். சினை மாடுகளுக்குக் காலையில் தீவனம் போடாதே, சாயங்காலம் ஐந்து மணிக்குப் போடு, இரவில் தின்று அசைபோட்டுக்கொண்டு கிடக்கும், பெரும்பாலான கன்றுகள் பகலில் பிறக்கும் என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்திருக்கிறாய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ போன மறுநாளே அதன்மேல் தீவனக் கடைக் காலண்டரை மாட்டிவிட்டேன். என் அப்பா காலையில்தான் போட்டார். அவருடைய அப்பாவும் காலையில்தான் போட்டார். மாடு எப்போது கன்று போட வேண்டும் என்று கல்லூரியில் உட்கார்ந்து முடிவு செய்கிற காலம் வந்துவிட்டதா என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

இதைப் பக்கத்துப் பண்ணை எமிலிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “வெர்னா மாட்டுக்கெல்லாம் டைம்டேபிள் போட்டுட்டாளா? அப்ப ஞாயித்துக்கெழம லீவாமா?” என்று கேட்டான். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, அப்படிச் சிரித்தது எனக்கே பிடிக்கவில்லை.

மாட்டுத் தேர்வுக் குழுவில் உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று படித்துச் சந்தோஷம். நான்கு மாடுகளை ஒரு வகுப்பாக நிறுத்தி, எது முதல், எது கடைசி என்று வரிசைப்படுத்திவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குறிப்புத் தாள் இல்லாமல், இரண்டு நிமிஷம் நடுவர் முன்னால் நின்று காரணம் சொல்ல வேண்டுமாமே. முதலில் வைத்த மாட்டைப் புகழ எல்லோராலும் முடியும், பின்னால் தள்ளிய மாட்டிடம் இருக்கும் நல்லதையும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொன்னால்தான் மதிப்பெண் என்று உன் வாத்தியார் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அந்த வரிக்குப் பக்கத்தில் ‘ஆர்லோ கவனிக்க’ என்றும் எழுதியிருக்கிறாய். கவனித்தேன்.

இன்னொன்று. மாட்டின் விலாவையும் இடுப்பையும் தடவிப் பார்த்து, சதைப்பிடிப்புக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் போடக் கற்றுக்கொண்டு வந்து, முதலில் என் விலாவில் கையை வைத்து, “நாலுதான் தேறும், குளிர்காலத்துக்கு இது பத்தாது” என்றாயே, அதற்கு அப்புறம் நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். அவித்த பீன்ஸ், முட்டை, மறுபடி பீன்ஸ்.

பாத்திரம் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி நீ சொன்னதையும் நான் மறக்கவில்லை. மே மாதம் இந்தச் சமுதாயக் கல்லூரிப் படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகத்தில் இன்னும் இரண்டு வருஷம் படிக்க விண்ணப்பம் போட்டிருப்பதாகச் சொன்னாய். அதற்கும் நான் ‘ம்’ என்றேன். இடம் கொடுப்பார்களோ மாட்டார்களோ, அதற்குள் என்ன பேச்சு என்று நினைத்தேன். விண்ணப்பத்தில் வீட்டு விலாசம்தான் கொடுத்திருக்கிறேன், தபாலைப் பார்த்துக்கொள் என்கிறாய். பார்த்துக்கொள்கிறேன்.

எழுதியதில் காப்பி ஆறிவிட்டது. குளிரில் தலைக்குக் குல்லாய் இல்லாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
உன் கணவன்
ஆர்லோ


மணல்மேட்டுப் பண்ணை,
மார்ச் 10

அன்புள்ள வெர்னா,

உன் நலம் அறிந்து மகிழ்ச்சி. இங்கே எல்லாம் ஏறக்குறைய நலம்.

போட்டிச் செய்தியை எமில் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நீ வரிசையில் நின்றபோது, நீங்கள் யாருடைய அம்மா என்று நடுவர் கேட்டாராம். நீ, யாருடைய அம்மாவும் இல்லை, ஏழாம் எண் போட்டியாளர் என்றாயாம். எமிலின் மனைவி ரோஸ்மேரிக்கு அதைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆட்டு வகுப்பில் சொதப்பி, மாட்டு வகுப்பில் முதலாவதாக வந்தாய் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆடு நமக்கு என்றைக்குமே ஒத்துவந்ததில்லை.

உனக்கு வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மூன்று நாளைக்கு முன்னால் தலையீற்றுக் கிடாரி ஒன்று என்னைப் பட்டிக் கதவோடு வைத்து நெருக்கிவிட்டது. விலாவில் கொஞ்சம் வலி, கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். ரோஸ்மேரி கட்டாயப்படுத்தியதால் டாக்டரிடம் போய்க் காட்டிவிட்டு வந்தேன். ஒன்றுமில்லை என்றார். நீ பதறிக்கொண்டு வண்டியைக் கிளப்பாதே. நூற்றெண்பது மைல், பாதையெல்லாம் பனிக்கட்டி. தேர்வு வேறு வருகிறது. நீ வந்து பார்க்கும்படியாக இங்கே எதுவும் இல்லை.

புல்கட்டைத் தூக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் சில நாளைக்கு எமில்தான் தீவனம் போடுகிறான். காலையில் அவனுக்கு அவன் மாடுகள் இருக்கின்றன. அதனால் இங்கே வந்து சேரவே சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிடுகிறது. இது வேறு வழியில்லாமல் நடப்பது. உன் தாளைப் பார்த்து நடப்பதில்லை. காலண்டர் மாட்டிய இடத்தில்தான் இருக்கிறது.

தபால் ஏதாவது வந்ததா என்று ஒரே கடிதத்தில் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறாய். விதைக் கம்பெனியின் விலைப்பட்டியல் புத்தகம் வந்தது. அட்டையில் தக்காளிப் படத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், நிஜத்தில் அவ்வளவு பெரிதாகக் காய்க்காது. தேவாலயப் பெண்கள் சங்கத்திலிருந்து ஒரு அட்டை, வருகிற மாதம் பொதுச் சாப்பாட்டுக்கு நீ என்ன கொண்டுவருவாய் என்று கேட்டு. மருந்துக் கம்பெனி விளம்பரம் ஒன்று. சொல்லும்படியாக வேறொன்றும் இல்லை.

இதுவரை பத்தொன்பது கன்றுகள். நேற்று ஒன்று, மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் பிறந்தது. இன்றைக்கு ஒன்று, காலை பத்து மணிக்கு. காற்று அடங்கியிருப்பதால் இருக்கலாம்.

ஜெபத்தில் உன் தேர்வையும் சேர்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆர்லோ


மணல்மேட்டுப் பண்ணை,
மார்ச் 28

அன்புள்ள வெர்னா,

சுருக்கமாகத்தான் எழுத முடியும். மன்னித்துக்கொள்.

நீ கேட்ட கணக்கு: போன கடிதத்துக்குப் பிறகு நாற்பத்தோரு கன்றுகள். அதில் முப்பத்து நான்கு, வெளிச்சம் இருக்கும்போது பிறந்தவை. ஒன்றுகூட உறையவில்லை, ஒன்றுகூடச் சாகவில்லை. இந்த வருஷம் குளிர் சீக்கிரம் குறைந்துவிட்டது, அதுவே காரணமாக இருக்கலாம் என்று எமிலிடம் சொன்னேன். அவன், “குளிரு கொறஞ்சா கன்னுக்குட்டிக்கு மணி பாக்கத் தெரிஞ்சிருமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். இப்போது அவன் மாடுகளுக்கும் சாயங்காலம்தான் தீவனம். ஞாயிற்றுக்கிழமை லீவு என்று கேலி செய்தவன்.

காலண்டரைக் கொஞ்சம் நகர்த்தி மாட்டியிருக்கிறேன்.

கூடப் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை, நாற்பத்திரண்டு வயதுக்காரிக்கு இடம் கொடுத்து அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது, இதுவரைக்கும் படித்தது போதும், மே பதினான்காம் தேதி வண்டியை எடுத்துக்கொண்டு வா, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். சரி, வருகிறேன்.

மாடுகள் இப்போது என்னை எழுப்புவதில்லை. ஆனாலும் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் இல்லை. வயதாகிவிட்டது போலிருக்கிறது.

இப்படிக்கு,
ஆர்லோ


மணல்மேட்டுப் பண்ணை,
ஏப்ரல் 10, ஞாயிறு

அன்புள்ள வெர்னா,

இந்தக் கடிதத்தோடு இன்னும் இரண்டு உறைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. கோபம் வரும். வரட்டும். ஆனால் படித்து முடித்துவிட்டுக் கோபப்படு.

புதிய உறை உன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மார்ச் ஐந்தாம் தேதியே வந்துவிட்டது. தபால்காரர் கையில் கொடுக்கும்போதே, “தடியா இருக்கு ஆர்லோ. இல்லைங்கிறதுக்கு ஒரு தாள் போதும், வாங்கங்கிறதுக்குத்தான் இத்தன தாளு. வெர்னாகிட்ட நான் சந்தோஷப்பட்டேன்னு சொல்லு” என்றார். நான் சொல்லவில்லை. உறையைப் பிரிக்கவும் இல்லை, சத்தியமாக. கன்று கொட்டகையில் மருந்து அலமாரிக்குள், கட்டுத்துணி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். உனக்குத் தக்காளிப் படத்தைப் பற்றி எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். முதல் நாள், நாளைக்கு எழுதலாம் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் கிடாரி நெருக்கிவிட்டது. அதற்குப் பிறகு, எழுதாமலே இருந்தால் நீ தானாக வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று புரிந்துபோயிற்று. நான் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. வழக்கம்போல ‘ம்’ என்று இருந்தால் போதும்.

விலாவைப் பற்றியும் பொய்தான் எழுதினேன். இரண்டு எலும்பு முறிந்திருந்தது. இப்போது ஒட்டிக்கொண்டது, பயப்படாதே. எழுதினால் நீ அன்றைக்கே படிப்பைப் போட்டுவிட்டு வந்திருப்பாய், எனக்குத் தெரியும். விலா எலும்பை மறைத்தது நீ வந்துவிடக் கூடாது என்று. உறையை மறைத்தது நீ போய்விடக் கூடாது என்று. இரண்டையும் ஒரே வாரத்தில் செய்திருக்கிறேன். என்னால் இதை விளக்க முடியவில்லை, நடந்ததைத்தான் சொல்ல முடிகிறது.

போன வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் காது கிழிந்த கிழட்டு மாட்டுக்கு வலி எடுத்தது. ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்றும் நகரவில்லை. கையை உள்ளே விட்டுப் பார்த்தால் பின்னங்கால்கள் முதலில் வருகின்றன. என்னால் இழுக்க முடியாது, எமில் ஏலச் சந்தைக்குப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்து ரோஸ்மேரி ஒரு தட்டு நிறைய, நடுவில் பழக்கூழ் வைத்த கோலாச்சி ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். தட்டைக் காரின் மேலேயே வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மருந்து அலமாரியிலிருந்து கன்று இழுக்கும் சங்கிலியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். கிறிஸ்துமஸின்போது நீ மேஜைக் காலில் கயிற்றைக் கட்டிக் காட்டினாயே, காலில் இரண்டு இடத்தில் சுருக்குப் போட வேண்டும், ஒரு கால் மாற்றி ஒரு கால் இழுக்க வேண்டும், இடுப்பு வெளியே வந்ததும் நிறுத்தாமல் இழுத்துவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே மூச்சுத் திணறிவிடும் என்று, அதை அப்படியே அவளுக்குச் சொன்னேன். நீ சொல்லும்போது நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததாக நினைத்திருப்பாய். காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

கன்று வந்துவிட்டது. கிடாரிக் கன்று. முதலில் மூச்சு இல்லை. ஒரு புல் துரும்பை மூக்குக்குள் விட்டுக் கிளறினாள். தும்மியது. அந்தத் தும்மலைக் கேட்டுவிட்டு நாங்கள் இருவரும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

இது பழைய வழக்கப்படி இருட்டில் நடந்திருந்தால், முறிந்த விலாவோடு நான் மட்டும்தான் இருந்திருப்பேன். ரோஸ்மேரி அவள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பாள். தாயும் கன்றும் இரண்டுமே போயிருக்கும்.

வாளியில் கையைக் கழுவிக்கொண்டே அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “மருந்து அலமாரியில ஒரு தபால் இருக்கு ஆர்லோ. மாட்டுக்குக் கொடுக்கிறதுன்னு நெனச்சு வச்சிட்டியா?” துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, “அவ இங்க இல்லாமலே இந்தக் கன்ன எடுத்துக் குடுத்துட்டா. நான் அவளுக்கு எழுத மாட்டேன். நீ எழுதணும்” என்றாள். ரொட்டித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இத்தனைக்குப் பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? உறையை வீட்டுக்குக் கொண்டுவந்து, இன்னும் நல்ல இடமாகப் பார்த்து ஒளிக்கப் போனேன். நீ இல்லாதபோது யாரும் திறக்காத இடம் என்று உன் சமையல் குறிப்பு டப்பாவைத் திறந்தேன். ஊறுகாய்க் குறிப்பு அட்டைகளுக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு உறை இருந்தது. அதே பல்கலைக்கழகம். 1966 ஏப்ரல் முத்திரை. பிரித்துப் படித்து, மறுபடி அழகாக மடித்து வைத்திருந்தாய். மடிப்பு நைந்துபோயிருந்தது. பல தடவை எடுத்துப் பார்த்திருக்கிறாய்.

அந்த வருஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நமக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். அப்பா காற்றாலைக் கோபுரத்திலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். உனக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று சொல்ல நீ கொட்டகைக்கு வந்தாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல், “இந்த ஒரு ஈத்து மட்டும் இருந்துட்டுப் போ வெர்னா” என்றேன். நீ ‘சரி’ என்றாய். அடுத்த வருஷமும் மாடுகள் ஈன்றன. அதற்கடுத்த வருஷமும் ஈன்றன. நீ மறுபடி கேட்கவில்லை, நானும் மறுபடி எடுக்கவில்லை. நீயே மறந்துவிட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மார்ச் மாதப் பனிப்புயலில் செத்த பதினோரு கன்றுகளை வேலியோரம் வரிசையாகக் கிடத்திவிட்டு, “ஏன்னு எனக்குத் தெரியணும்” என்று நீ சொன்ன நாள் வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இரண்டு உறையையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது வெர்னா. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், அழுதேன்.

பதில் போட மே முதல் தேதி கடைசி என்று உன் கூட்டாளிகளைப் பற்றி எழுதும்போது குறிப்பிட்டிருந்தாய். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நாளைக் காலை தபாலாபீஸ் திறக்கும்போதே போய் நானே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். பெட்டியில் போட்டுவிட்டுக் காத்திருக்கத் தைரியமில்லை.

இனி உன் வகுப்புக்கு வருகிறேன். இரண்டு நாளாகப் பட்டியில் கிடாரிகளுக்கு முன்னால் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லிப் பழகினேன். நாய் எழுந்து போய்விட்டது. குறிப்புத் தாள் இல்லாமல் சொல்ல வேண்டும் என்பது மட்டும் முடியாது, எழுதித்தானே ஆக வேண்டும்.

இந்த வகுப்பில் நான்கு நிற்கின்றன. ஒன்று, நீ மே மாதம் வீட்டுக்கு வந்துவிடுவது. இரண்டு, நீ பல்கலைக்கழகம் போவது. மூன்று, மாடுகளை விற்றுவிட்டு நானும் உன் பின்னாலேயே வந்து வாடகை அறையில் உட்கார்ந்துகொண்டு உன்னைத் தொந்தரவு செய்வது. நான்கு, உறையை அடுப்பில் போட்டுவிட்டுச் சும்மா இருப்பது. என் வரிசை: இரண்டு, ஒன்று, மூன்று, நான்கு.

இரண்டை ஒன்றுக்கு மேலே வைக்கிறேன். ஏன் என்று கேட்டவள் நீ. பனிதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனவன் நான். இந்த வருஷம் செத்த கன்று ஒன்றுகூட இல்லை. அது ஒரே ஒரு தாளால் வந்தது. அதன்மேல் நான் காலண்டரை மாட்டினேன். இன்னும் எத்தனை தாள் உன்னிடம் வரப்போகிறதோ, அதைத் தடுக்க நான் யார்? ஒப்புக்கொள்கிறேன், ஒன்றில் வீடு வீடாக இருக்கும். ஒப்புக்கொள்கிறேன், மேஜைக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கும், பீன்ஸைத் தவிர வேறு சாப்பாடு இருக்கும், யாராவது என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். ஒப்புக்கொள்கிறேன், அதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் அது எனக்கு மட்டும் நல்லது.

ஒன்றை மூன்றுக்கு மேலே வைத்ததற்குக் காரணம், அந்த அறையில் என்னை மூன்று நாளைக்கு மேல் உன்னாலேயே தாங்க முடியாது. நான்கைக் கடைசியில் வைக்கிறேன். ஒப்புக்கொள்கிறேன், நான்கிலும் சுலபமானது அதுதான். ஒரு தடவை ஏறக்குறைய அதையே செய்து பார்த்தவன் சொல்கிறேன், அது வேண்டாம்.

அடுத்த ஈற்றுக்கு என்ன செய்வேன் என்று கவலைப்படாதே. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தீவனம். பகலில் எமிலும் ரோஸ்மேரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். காலண்டரைக் கழற்றிப் பின்கதவில் மாட்டிவிட்டேன். உன் தாள் ஓரம் கிழிந்திருந்தது, பசை நாடா போட்டு ஒட்டியிருக்கிறேன். கோலாச்சி ரொட்டி தின்று என் சதைப்பிடிப்பு இப்போது நிச்சயம் ஐந்து இருக்கும். மே பதினான்காம் தேதி நீ தடவிப் பார்த்துச் சொல்லு, இடது பக்கம் மட்டும் மெதுவாக. பெட்டிகளை ஏற்ற வண்டியோடு வருகிறேன். அதை எந்தப் பக்கம் ஓட்ட வேண்டும் என்று நீ சொல்.

மணி ஐந்து ஆகப்போகிறது. மாடுகள் வேலியோரம் வந்து நின்று என் ஜன்னலையே பார்க்கின்றன. போக வேண்டும்.

ஆண்டவர் உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பாராக. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு நான் ஒரு ஈற்று என்று சொன்னது இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. நீ சொல்லும் இரண்டு வருஷம், இரண்டு வருஷமாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உன்
ஆர்லோ